பூகோளம் படிக்க விரும்பும் பிள்ளை பதினோராம் வகுப்பில் என்ன பாடம் எடுப்பது?

(பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளையொட்டி, தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் நடைபெற்ற மாணவர் - பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் சாராம்சம்)



தேர்வு முடிவு வந்துவிட்டது. இன்னும் சில நாட்களில் நம் பிள்ளைகள் தலைமையாசிரியரின் மேஜை முன் போய் நிற்பார்கள். "எந்த குரூப்?" என்று கேட்பார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை அந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் பதில், அடுத்த பத்தாண்டுகளுக்கு அதன் பாதையைத் தீர்மானிக்கிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அந்த வீட்டில் தகப்பனார் படித்திருப்பார், சித்தப்பா கல்லூரியில் வேலை பார்ப்பார், இரண்டு வருஷமாகவே யோசித்து வைத்திருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கோ பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும், கூடப் படித்தவன் எடுத்ததும்தான் யோசனை. இந்த வித்தியாசத்தைக் கொஞ்சமாவது குறைப்பதற்குத்தான் இன்று கூடியிருக்கிறோம்.

டாக்டருக்கு என்ன படிக்க வேண்டும், இன்ஜினீயருக்கு என்ன படிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சென்ற வாரம் நம்மிடம் வந்த பிள்ளைகளில் சிலர் வேறொன்று கேட்டார்கள். "கல்லூரியில் பூகோளம் படிக்க ஆசை. அதற்கு இப்போது என்ன எடுக்க வேண்டும்?" பெரியவர்கள் பூகோளம் என்பதைத்தான் பாடப்புத்தகத்தில் புவியியல் என்று போட்டிருக்கிறார்கள். நாம் மெட்ரிகுலேஷனைத் தாண்டாதவர்கள். ஆகவே பாடத்திட்டங்களை வாங்கிப் பார்த்தும், கல்லூரி ஆசிரியர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே தொகுத்துச் சொல்கிறோம்.

பூகோளம் எதற்கு?

முதலில் பெற்றோர்களுடைய சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். "ஆறு, மலை, தலைநகரம் இவற்றின் பெயரை மனப்பாடம் செய்வதற்கு ஒரு பட்டமா?" என்று கேட்கிறார்கள்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவை நினைத்துப் பாருங்கள். மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலைச்சரிவு இடிந்து வந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயங்களை மூடியது. 70 பேரை வாரிக்கொண்டு போனது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தார். மழை கொட்டியது உண்மை. ஆனால் மழை எல்லா இடத்திலும் கொட்டியது. மண் சரிந்து இறங்கும் பள்ளத்தின் வழியில் அந்த வீடுகள் ஏன் இருந்தன? சரிவு எவ்வளவு, மண்ணின் ஆழம் எவ்வளவு, மேலே ஓடை எங்கே தொடங்குகிறது, எவ்வளவு மழை பெய்தால் ஆபத்து என்று கணக்கிட்டுச் சொல்வது யாருடைய படிப்பு? அது பூகோளம் படித்தவருடைய படிப்பு.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரை புரண்டு வந்தபோது முதலில் அடித்துச் செல்லப்பட்டது ஆற்றோரக் குடிசைகள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி மேடாக்கப்பட்டு, கட்டடங்களும் குப்பைமேடுமாக ஆகியிருந்தது. தண்ணீர் தேங்க வேண்டிய இடத்தை மனிதன் எடுத்துக்கொண்டால், தண்ணீர் மனிதன் இருக்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து, வளர்ந்த தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனதும் நமக்குத் தெரியும். எந்த ஊரில் தங்குமிடம் கட்டுவது, எந்த ரோடு முதலில் மூழ்கும், எந்தக் கிராமத்துக்கு எந்த வழியில் அரிசி கொண்டுபோவது? இவையெல்லாம் வரைபடத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டிய விஷயங்கள். அந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர்?

ஆகவே, பூகோளம் பெயர்களை மனப்பாடம் செய்யும் படிப்பல்ல. ஒரு பொருள் ஏன் இந்த இடத்தில் இருக்கிறது, ஏன் அந்த இடத்தில் இல்லை என்று கேட்கும் படிப்பு அது. அந்தக் கேள்விக்குப் பதில் தேட என்னென்ன கருவி வேண்டும் என்று பார்த்தால், எந்தப் பாடம் எடுப்பது என்பது தானாகவே விளங்கும்.

கணக்கு இல்லாமல் வரைபடம் இல்லை

1802 ஏப்ரல் 10ஆம் தேதி, வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில ராணுவ அதிகாரி சென்னை பரங்கிமலை அருகே தரையில் சங்கிலி பிடித்து அளக்கத் தொடங்கினார். நூறடிச் சங்கிலி. ஏழரை மைல் நீளத்துக்கு ஒரே கோடு. ஏறக்குறைய 400 தடவை சங்கிலியை எடுத்து வைத்து, 57 நாளில் அந்தக் கோட்டை முடித்தார்கள். இந்தியா முழுவதையும் அளந்த பெரிய முக்கோண அளவைக்கு அதுதான் ஆரம்பம்.

ஏழரை மைலை அளந்து நாடு முழுவதையும் எப்படி அளக்க முடிந்தது? ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அந்தப் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம், அதை வைத்து அதற்கடுத்தது. இப்படியே இமயமலை வரை போனார்கள். பத்தாம் வகுப்பில் "ஸைன், காஸ், டேன்" என்று படித்துவிட்டு, இது எதற்குப் பயன் என்று அலுத்துக்கொண்டீர்களே, அதற்குத்தான் பயன். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைக் கயிறு கட்டி ஏற்றியபோது அது மோதிச் சேதமானது. அதைச் சீர்செய்து மீண்டும் கோணம் அளந்தார்கள். கருவியைச் சுமந்தவர்களும், மலையுச்சியில் கொடி பிடித்து நின்றவர்களும், காட்டுக் காய்ச்சலில் மாண்டவர்களும் நம்மவர்கள். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெயர் கிடைத்த ஒருவர் உண்டு. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளி இளைஞர். கணக்கில் கெட்டிக்காரர் என்பதற்காகவே 1831இல் அந்த அளவை இலாகாவில் கணக்கிடுபவராகச் சேர்க்கப்பட்டார். 1852இல், பதினைந்தாம் எண் சிகரம் என்று குறித்து வைத்திருந்த மலையே உலகில் உயர்ந்தது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் அவர். 29,002 அடி என்று அறிவித்தார்கள். 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து நவீனக் கருவிகளால் அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர், அதாவது 29,032 அடி. வித்தியாசம் எவ்வளவு சொற்பம் பாருங்கள்! ஆனால் மலைக்கு வைத்த பெயர் 1843இலேயே ஓய்வு பெற்றுப் போன எவரெஸ்ட் துரையின் பெயர். இதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கில் இன்னொரு கிளை புள்ளியியல். இரண்டு தாலுகாக்களை எடுத்துக்கொள்வோம். முதல் தாலுகாவில் மூன்று வருஷ மழை 880, 900, 920 மில்லி மீட்டர். இரண்டாவதில் 400, 900, 1,400. இரண்டுக்கும் சராசரி 900தான். சராசரியை மட்டும் பார்க்கும் அதிகாரி இரண்டும் சமம் என்று எழுதிவிடுவார். ஆனால் இரண்டாவது தாலுகா விவசாயி ஒரு வருஷம் வறட்சியிலும் ஒரு வருஷம் வெள்ளத்திலும் சாகிறான். சராசரிக்கும் ஏற்ற இறக்கத்துக்கும் உள்ள பேதத்தைக் கணக்கிட்டுக் காட்டுபவன்தான் அந்த விவசாயிக்காகப் பேச முடியும்.

மற்ற பாடங்களின் பங்கு

தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றால் வருகிறது. காற்று ஏன் திசை மாறுகிறது? வங்கக் கடலில் புயல் ஏன் சுழல்கிறது? அழுத்தம், வெப்பம், பூமியின் சுழற்சி, இவை பௌதிகம். செயற்கைக்கோள் ஆகாயத்திலிருந்து பார்த்து, இந்த வயலில் பயிர் செழித்திருக்கிறது, அந்த வயலில் வாடிக்கிடக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? செழித்த இலை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இதுவும் பௌதிகம். 1988 மார்ச்சில் முதல் ஐ.ஆர்.எஸ். செயற்கைக்கோள் பறந்தது முதல் நம் நாட்டு பூகோளப் படிப்பில் இது பெரிய இடம் பிடித்துவிட்டது.

பாறை எப்படி மண்ணாகிறது, கரிசல் ஏன் கறுப்பு, செம்மண் ஏன் சிவப்பு என்பதற்கு ரசாயனம் வேண்டும். காடு, சதுப்பு நிலம், அலையாத்தி பற்றிப் படிக்கத் தாவரவியல் உதவும்.

இதோடு முடிந்ததா? இல்லை. கோயம்புத்தூரில் பஞ்சாலைகள் ஏன் வந்தன? கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வந்தது. 1930களில் பைக்காரா மின்சாரம் கிடைத்தது. முதலாளிகளிடம் பணம் இருந்தது. சுற்றுக் கிராமங்களில் வேலையில்லாமல் இருந்த உழவர் வீட்டு மக்கள் குறைந்த கூலிக்குக் கிடைத்தார்கள். மண்ணும் காற்றும் மட்டும் ஆலை கட்டிவிடாது. ஆகவே பொருளாதாரமும் சரித்திரமும் தெரியாதவன் பாதி பூகோளம்தான் படிப்பான்.

இன்று வரைபடம் பெரும்பாலும் கம்ப்யூட்டரில்தான் தயாராகிறது. ஆற்றை ஓர் அடுக்காகவும், ரோட்டை ஓர் அடுக்காகவும், வீடுகளை ஓர் அடுக்காகவும் வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் முறைக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். இதற்குக் காசில்லாமல் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருளும் இருக்கிறது. பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவனுக்கு இது எளிதாகப் பிடிபடும்.

அப்படியானால் எந்த குரூப்?

பதினோராம் வகுப்பில் இரண்டு மொழிப் பாடங்கள், நான்கு முக்கியப் பாடங்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் நான்கு பாடத்துக்குள் அடக்க முடியாது. ஆகவே பிள்ளையின் சக்தியையும், பள்ளியில் என்ன இருக்கிறது என்பதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதல் வகை: பள்ளியில் புவியியல் பாடமே உள்ள கலைப் பிரிவு இருந்து, பிள்ளைக்கும் அதில் உண்மையான விருப்பம் இருந்தால், அதை எடுக்கலாம். சரித்திரம், பொருளாதாரம் போன்றவை கூடவே வரும். வரைபடச் செய்முறையும் அதில் உண்டு. "மார்க் குறைந்தவன் எடுக்கும் குரூப்" என்று யாராவது கேலி செய்தால் பொருட்படுத்த வேண்டாம். ஆனால் ஒன்று. இந்தப் பிரிவை எடுத்தவன் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்க்காரனிடம் போட்டுவிடக் கூடாது. முக்கோணவியல், ஆயத்தொலை வடிவியல், புள்ளியியல் ஆகிய மூன்று பகுதிகளையும் மறக்காமல் வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் அளவையும் வரைபடச் சட்டகமும் வரும்போது அவைதான் கைகொடுக்கும்.

இரண்டாவது வகை: கணக்கிலும் விஞ்ஞானத்திலும் பிள்ளை தைரியமாக இருந்தால், கணிதம், பௌதிகம், ரசாயனத்தோடு கம்ப்யூட்டரோ உயிரியலோ உள்ள பிரிவை எடுக்கலாம். பூகோளத்துக்கு இது நல்ல அஸ்திவாரம். நாளைக்கு மனம் மாறினாலும் வேறு கதவுகள் திறந்திருக்கும். புவியியலைப் பள்ளியில் படிக்காமல் போய்விட்டோமே என்று கவலைப்பட வேண்டாம். கல்லூரியில் முதல் ஆண்டு அடிப்படையிலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் சமூக அறிவியலை ஏளனமாக நினைக்காமல், நூலகத்திலிருந்து பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் புவியியல் புத்தகங்களை வாங்கி விடுமுறையில் படிக்க வேண்டும்.

மூன்றாவது வகை: வணிகவியல் பிரிவு மட்டும் கிடைக்கிறது என்றால், வணிகக் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். பொருளாதாரமும் புள்ளியியலும் கைவசம் இருந்தால், தொழில், மக்கள்தொகை, நகரம் பற்றிய பூகோளத்துக்கு அது தக்க பலம்.

எந்தப் பிரிவானாலும் செய்ய வேண்டிய ஒரு காரியம் உண்டு. இதை அலட்சியம் செய்து ஏமாந்தவர்கள் பலர். புவியியல் பட்டத்தில் சேர பன்னிரண்டாம் வகுப்பில் என்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். பி.ஏ.வுக்கு ஒன்று, பி.எஸ்ஸி.க்கு ஒன்று என்றும் இருக்கும். ஆகவே குரூப்பைத் தீர்மானிக்கும் முன்பே, நீங்கள் போகக்கூடிய கல்லூரிகளில் இரண்டு மூன்றின் சேர்க்கை விதியை வாங்கி, தகுதி என்று போட்டிருக்கும் பத்தியை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, இராணி மேரிக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி, கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி போன்ற சர்க்கார் கல்லூரிகளில் புவியியல் துறை உண்டு. தனியார் கல்லூரி வாசலில் கடன் வாங்கிப் போய் நிற்பதற்கு முன் இவற்றை விசாரியுங்கள்.

பெண் பிள்ளைகளைப் பற்றி

"பூகோளம் என்றால் வெளியூர் களப்பயணம் போக வேண்டுமாமே, பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்று சில தாய்மார்கள் கேட்டார்கள். தேயிலை பறிக்கவும், நாற்று நடவும், பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கவும் பெண் வெளியே போகலாம். ஆசிரியர்களோடு மலையைப் பார்த்துப் படிக்கப் போகக் கூடாதா? தண்ணீருக்கு எத்தனை தூரம் நடக்க வேண்டும் என்பது பெண்ணுக்குத்தான் நன்றாகத் தெரியும். கிராமத்தின் தண்ணீர் வரைபடத்தை அவளைவிடச் சரியாக யார் வரைவார்கள்? அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022இலும், மாணவருக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. தகுதி உண்டா என்று பள்ளியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை கிடைக்குமா?

இதை மறைத்துப் பேசக் கூடாது. எந்தப் பட்டமும் இன்று வேலைக்கு உத்தரவாதச் சீட்டு அல்ல. வேலையில்லாத் திண்டாட்டம் படிப்பவனின் குற்றத்தால் வந்ததும் அல்ல. ஆனால் வழிகள் உண்டு. அரசுப் பள்ளிகளில் புவியியல் பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர் பணியிடங்கள் உண்டு. சர்வே ஆப் இந்தியா, 1956இல் கல்கத்தாவில் தொடங்கிய தேசிய வரைபட நிறுவனம், ஹைதராபாத்தின் தொலையுணர்வு மையம், நகரமைப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் மேலாண்மை முதலிய இலாகாக்களில் இந்தப் படிப்பு பயன்படும். 2021இல் வரைபடத் தகவல் பற்றிய கட்டுப்பாடுகளை மத்திய சர்க்கார் தளர்த்தியபின் தனியார் கம்பெனிகளிலும் ஆட்களைத் தேடுகிறார்கள். அங்கே ஒப்பந்தக் கூலிதான் பெரும்பாலும். அதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். பட்டத்தோடு ஜி.ஐ.எஸ்.ஸும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஓர் அறிக்கை எழுதும் திறமையும் இருந்தால் சந்தர்ப்பம் கூடும்.

இன்றே தொடங்க வேண்டிய வேலை

மாணவத் தோழர்களே, பள்ளி திறக்கும் வரை சும்மா இருக்க வேண்டாம். ஒரு நல்ல அட்லஸ் வாங்குங்கள். முடியாவிட்டால் நம் படிப்பகத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். சர்வே ஆப் இந்தியாவின் நிலவரைபடத்தில் நம் ஊர் எங்கே என்று தேடுங்கள். 1:50,000 என்று போட்டிருந்தால் தாளில் இரண்டு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். பிறகு நம் குடியிருப்பையே காலடியால் அளந்து படம் போடுங்கள். குழாய் எங்கே, சாக்கடை எங்கே, மழை பெய்தால் முதலில் தண்ணீர் நிற்கும் வீடு எது என்று குறியுங்கள். அந்தப் படம் உங்களுக்குப் பாடம். நகராட்சியிடம் நாம் கொடுக்கப்போகும் மனுவுக்கு அதுவே ஆதாரம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை. சுற்றுவட்டாரத்தில் எந்தெந்த மேல்நிலைப் பள்ளியில் புவியியல் பிரிவு இருக்கிறது என்று நாளைக்கே விசாரிப்போம். ஒன்றிலும் இல்லையென்றால், படிக்க விரும்பும் பிள்ளைகளின் பெயரை எழுதி, கையெழுத்து வாங்கி, தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் கொடுப்போம். மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் போவோம். "மாணவர் இல்லை, ஆகவே பிரிவு இல்லை" என்பார்கள். பிரிவு இல்லாததால் மாணவர் இல்லை என்று பெயர்ப் பட்டியலைக் காட்டிப் பேசுவோம். ஒரு பிள்ளை தனியாகக் கேட்டால் "இருக்கிறதை எடுத்துக்கொள்" என்று பதில் வரும். இருபது பேராகப் போய்க் கேட்டால் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள்.

படிப்பகத்தில் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மதிப்பெண் பட்டியலோடு வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையின் விஷயத்தையும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்போம். பெயர்ப் பட்டியலுக்கான நோட்டும் அங்கேயே இருக்கும்.